ஒடுவோலுக்கு ஒரு குழி

அத்தியாயம் 17

வாசலுக்கு வலப்பக்கம் கடப்பாரை கல்லில் மோதுகிற சத்தத்தில்தான் தமாரிஸுக்கு அன்று விடிந்தது.

அந்த ஊரில் வீட்டுக்காரன் செத்தால் வாசலின் வலப்பக்கம் புதைப்பார்கள், வீட்டுக்காரியை இடப்பக்கம். தன் பக்கத்தில் அவள் தக்காளி போட்டிருந்தாள். வலப்பக்கம் பதினாலு மாதமாகச் சும்மா கிடந்தது. கோழிகள் சீய்த்துக்கொண்டிருந்தன.

ஏரி அவள் புருஷன் ஒடுவோலை எடுத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. அதே படகில் போன நாலு பேரில் இரண்டு பேர் நாலாம் நாள் ஆகாயத்தாமரைக்குள் பிணமாகக் கிடைத்தார்கள். அவர்களை அவரவர் வாசலில் அடக்கம் செய்து, புல்லும் முளைத்துவிட்டது. ஒடுவோல் மட்டும் செத்தவர் கணக்கிலும் இல்லை, இருக்கிறவர் கணக்கிலும் இல்லை.

ஆள் கிடைக்காத வீட்டுக்கும் அந்தக் கரையில் ஒரு வழி உண்டு. யாகோ மரத்தில் கயிறு மாதிரிக் காம்பில் முழ நீளக் காய் தொங்கும். தூக்கினால் கைக்குழந்தைக் கனம். அதை அறுத்து வந்து, போனவனின் துணியைச் சுற்றி, பெட்டியில் வைத்து, அவன் பேரைச் சொல்லிப் புதைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அவன் செத்தவன், அவன் பெண்சாதி விதவை.

"சபை ஒத்துக்காது மாமா" என்று மாமனாரிடம் சொல்லியே தமாரிஸ் இத்தனை நாளையும் ஓட்டிவிட்டாள். பொய்யில்லை. கடைசி நாளில் காய் எழுந்து வரப்போவதில்லை, காய்க்கு ஜெபம் பண்ண எனக்கு அதிகாரமும் இல்லை என்று போதகர் கிளியோப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அவள் சபைப் பெண்கள் சங்கத்துத் தலைவி. போதகர் பேச்சை மீற முடியுமா? நல்ல சாக்குதான் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாக்கும் போயிற்று. அந்தப் படகில் தப்பிய ஒரே ஆள் ஒகுத்து. பதினாலு மாதம் வாயே திறக்காதவன் ஆராதனை முடிந்ததும் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். "அண்ணன் முங்கினதை நான் பார்த்தேன் அண்ணி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மாமனார் ஒங்கோரோ அன்றே சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை."

தமாரிஸ் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பேர் சம்மதம்.

"அண்ணி, எழுந்துட்டீங்களா?"

கொழுந்தன் ஓபியெரோ வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். நல்லவன்தான். ஆனால் ஒரு வேலையைக் கொடுத்தால் ஊரைக் கூட்டாமல் முடிக்கத் தெரியாது. பெட்டி செய்யச் சொன்ன இடத்தில் தச்சன் அளவு கேட்டிருக்கிறான். "எங்கண்ணன் ஆறடி" என்றிருக்கிறான் இவன். உள்ளே போகப்போவது காய்தானே, மூன்றடி போதாதா என்று தச்சன் கேட்க, அடிதடி ஆகாத குறை. கடைசியில் ஆறடிப் பெட்டியே வந்து இறங்கியிருந்தது. காய் உருளாமலிருக்க உள்ளே வைக்கோல் வேறு.

"துணி வேணும் அண்ணி. அண்ணன் உடுத்தினது ஏதாவது."

அவள் உள்ளே போய் ஒரு சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். வலை பின்னும்போது ஒடுவோல் போடுகிற சட்டை. கழுத்து நைந்து, இரண்டு பொத்தான் இல்லாமல் இருந்தது.

"இதுவா?"

"இதுதான்."

ஓபியெரோ அவள் முகத்தைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். மாமரத்தடிக்கு எடுத்துப் போனான். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டான். "அப்பா கூப்பிடறார்."

ஒங்கோரோவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்து வருஷம் மூன்றாகிறது. சட்டையை மடியில் விரித்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது யார் சட்டை?"

"அவரோடதுதான் மாமா."

"எனக்குக் கண்ணுதான் போச்சு, கை இருக்கு. காலர் கிழிஞ்சிருக்கு. என் பையனை இந்தக் கந்தலோடயா அனுப்பச் சொல்றே? அந்தக் கறுப்புக் கோட்டு எங்க, கல்யாணத்துக்குத் தச்சது?"

"டிரங்குப் பெட்டியில இருக்கு."

"யாருக்கு வச்சிருக்கே?"

யாருக்கு என்று இரண்டு பேருக்குமே தெரியும். வருகிறவனுக்கு ஒரு மாற்றுத்துணி வேண்டாமா? எந்தக் கோலத்தில் வருவானோ?

கிழவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாள். அவர் களைத்துப்போய்க் கேட்டார். அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"எனக்கு நாள் கிட்ட வந்தாச்சும்மா" என்றார். "அவனுக்கு முன்னாடி நான் போய்ப் படுத்துட்டா அவன் வேலிக்கு வெளியவே நிப்பான். என் பையன் உள்ள வரட்டும். அவ்வளவுதான் கேக்குறேன்."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு வந்தாள். கோட்டை எடுக்கப் போகவில்லை. அடுக்களைக்குப் போனாள்.

அங்கே பெரிய சட்டியில் களிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாவைக் கொட்டிக் கிளற வேண்டிய மகள் அவினோ கையில் கைப்பேசியோடு நின்றாள். இருபது வயது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறவள். நேற்று வந்ததிலிருந்து சித்தப்பாவோடும் தாத்தாவோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அம்மா, கதவைச் சாத்து."

"சனங்க வர்ற நேரத்துல கதவைச் சாத்தவா? என்னடி?"

"இதைப் பாரு. என் சிநேகிதி அனுப்பியிருக்கா. அக்கரைத் தீவுல ஆஸ்பத்திரியில வேலை செய்யறாளே, அவ." திரையை அம்மா முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஜெயில்லேருந்து ஒருத்தரைக் கொண்டாந்து போட்டிருக்காங்களாம். நல்ல உயரமாம். பேர் கேட்டா ஒடுவோல்ங்கிறாராம். ஊர் சொல்லத் தெரியலையாம். புருவத்துல தழும்பு இருக்காம்மா!"

தமாரிஸ் அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்துத் தணித்தாள்.

"படகுக்காரன் எவனுக்குத் தழும்பு இல்லை?"

"அம்மா!"

"நான் மூணு தரம் போயிட்டு வந்துட்டேன் அவினோ."

மூன்று தரம். எல்லை தாண்டி மீன் பிடித்தார்கள் என்று அக்கரைக்காரர்கள் ஆட்களைப் பிடித்து வைப்பது புதிதல்ல. முதல் தரம் காவல் நிலையத்தில் யாருமே இல்லை. இரண்டாம் தரம் காட்டிய ஆள் பையன், தாடிகூட முளைக்கவில்லை. மூன்றாம் தரம் கம்பிக்குப் பின்னால் உண்மையிலேயே ஓர் ஒடுவோல் இருந்தார். வேறு ஊர், வேறு குலம். எலும்பும் தோலுமாக இருந்த அந்த மனிதர் அவளைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் இல்லேன்னு சொல்லிடாதேம்மா. நானும் ஒரு வீட்டுக்கு ஒடுவோல்தான். கூட்டிட்டுப் போ" என்றார். பிறகு அழுதார்.

திரும்பும் வழியில் அவர் ஊரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அங்கே அவர் வாசலில், வலப்பக்கத்தில், சிமெண்டு பூசிய மேடு. ஏழு மாதத்துக்கு முன்னால் காய் புதைத்திருக்கிறார்கள்.

இதைத்தான் அவினோ இப்போது பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளுக்கும் காய்தானே புதைச்சாங்க? நீதானே வந்து சொன்னே? குழி ஒரு பக்கம் இருக்கு, ஆள் ஒரு பக்கம் உயிரோட இருக்காருன்னு! அப்பாவுக்கும் அப்படி ஆகாதுன்னு உனக்கு யார் எழுதிக் கொடுத்தாங்க?"

"ஒகுத்து பார்த்திருக்கான்."

"தன் உசுரைக் காப்பாத்திக்கிட்டவன் என்ன வேணா சொல்வான். பதினாலு மாசமா எங்க போயிருந்துச்சு அவன் நாக்கு?"

"மெதுவாப் பேசு. வெளியே அவன்தான் குழி வெட்டிட்டு இருக்கான்."

"கேக்கட்டும். ஒரு நாள் தள்ளி வையின்னு சொல்லும்மா. ஒரே ஒரு நாள்."

"பெட்டி வந்தாச்சு. மூணு சபையிலேருந்து ஆளுங்க கிளம்பியாச்சு."

"வந்தவங்க களி தின்னுட்டுப் போகட்டும்!"

தமாரிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஒடுவோல் பேசுகிற மாதிரியே பேசுகிறாள். ஆனால் அடுத்து அவள் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை.

"ஊர்ல யார் வீட்டுல சாவு விழுந்தாலும் நீதான் போய்ப் பேசுறே. எழுந்திருப்பார், எழுந்திருப்பார், அழாதேன்னு. இந்த வருஷம் பதினொரு பேருக்குச் சொல்லியிருக்கே, நான் எண்ணினேன். அப்பாவைப் பத்தி ஒரு தரம்கூட அப்படிச் சொன்னதில்லையே, ஏன்? எங்கிட்டயாவது சொன்னியா? உனக்கே தெரியும்மா. உன் மனசுல அப்பா சாகல."

களித் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பதினொரு வீடு. தமாரிஸ் ஒவ்வொரு வீட்டிலும் மனதாரத்தான் சொன்னாள். அவள் விசுவாசத்தில் ஒரு ஓட்டையும் இல்லை என்றுதான் அவளே நினைத்திருந்தாள். முடிவில்லாத வாழ்வு உண்டு, பிரிந்தவர் சேருவார், கண்ணீரெல்லாம் துடைக்கப்படும். ஊரெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தாள். தன் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. ஏனென்றால் அதைக் கொண்டுவர ஒரு சாவு வேண்டும்.

"நீ மாவைக் கொட்டு" என்றாள். "நான் ஒகுத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"கேட்டுட்டு நிறுத்துவியா?"

"கேட்டுட்டுத்தான் சொல்வேன்."

குழி மார்பளவு ஆகியிருந்தது. ஒகுத்து உள்ளேயும் இரண்டு பேர் மேலேயும் இருந்தார்கள். "நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்று மேலே இருந்தவர்களை அனுப்பினாள். ஒகுத்து நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தான். முகம் முழுக்கச் செம்மண்.

"ஒகுத்து."

"சொல்லுங்க அண்ணி."

"முங்கினதைப் பார்த்தேன்னியே. முங்கினவர் நீ பார்க்காத பக்கம் வெளிய வந்திருக்கலாமில்ல? வேற படகு வந்து தூக்கியிருக்கலாமில்ல?"

அவன் கடப்பாரையைச் சாய்த்து வைத்தான்.

"அக்கரையில ஒரு ஆள் இருக்காராம். பொண்ணு நிறுத்தச் சொல்றா. நீ சந்தேகம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் நிறுத்திடுவேன். யார் ஏசினாலும் சரி."

அவன் குழிக்குள் நின்றபடி மண் சுவரில் கையை வைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை நான் முழுசாச் சொல்லல அண்ணி."

"இப்பச் சொல்லு."

"அண்ணன் முங்கல."

தமாரிஸ் குழி விளிம்பில் குனிந்தாள்.

"முங்கல. எங்கூடத்தான் இருந்தார். எண்ணெய்க் கேன் ஒண்ணு மிதந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் கிடந்தோம். குளிருதுடான்னார். ரெண்டு மூணு தரம் சொன்னார். அப்புறம் சொல்லல. தலை என் தோள்ல சாஞ்சுது. தூங்காதீங்கண்ணே, தூங்காதீங்கன்னு கன்னத்துல அடிச்சேன். அண்ணனை நான் அடிச்சேன் அண்ணி." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "வெளிச்சம் வந்தப்பதான் பார்த்தேன். கண்ணு திறந்திருந்துச்சு. மூக்குல கை வச்சுப் பார்த்தேன். இல்லை."

"அப்புறம்?"

"அப்பவும் விடல. காலரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே கால் அடிச்சேன். வெயில் உச்சிக்கு ஏறுற வரைக்கும். கேன் ரெண்டு பேரைத் தாங்கல. கை மரத்துப்போச்சு. விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு, நான்தான் விட்டேன். ஏரி எடுக்கல அண்ணி. நான்தான் விட்டேன். வீட்டுக்குக் கொண்டாந்திருக்கணும்."

உயிரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அந்த மனிதன் குன்றிப்போகவில்லை. உடம்பை வீடு சேர்க்காமல் கையை விட்டவன் என்பதுதான் பதினாலு மாதமாக அவன் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது. அந்தக் கரையில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். பிணத்தை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தில் விழிக்க முடியாது.

தமாரிஸ் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கால் உள்ளே தொங்கியது.

"தனியா இல்லையே அவர்?"

"இல்லை அண்ணி."

"பிடிச்சுக்கிட்டு இருந்தியே."

"இருந்தேன்."

பதினாலு மாதமாக அவள் கண்ணை மூடினால் இருட்டுத் தண்ணீர், அதில் அவர் தனியாக. அந்தப் படம்தான் அவளை அக்கரைக்கு விரட்டியது. சிறையில் இருக்கிறார் என்று நினைப்பது அதைவிடச் சுலபம். யாரோ ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் ஓடியிருக்க மாட்டாளோ என்னவோ.

எட்டி அவன் தலையில் கை வைத்தாள். மண் உதிர்ந்தது.

"விட்டது நல்லதுடா. இல்லேன்னா உங்க வாசல்லயும் ஒரு காயைப் புதைச்சிருப்போம்."

ஒகுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தது ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. அவிழ்ந்ததில் சுகம் ஒன்றுமில்லை. அப்படியே அந்த மண்ணிலேயே சாய்ந்து தூங்கிவிடலாம் போல ஒரு களைப்பு, அவ்வளவுதான்.

அடுக்களையில் அவினோ இல்லை. களி பாதி கிளறிய நிலையில் கட்டி தட்டிக் கிடந்தது. கோபித்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் போயிருப்பாள், ஆறினால் வருவாள் என்று நினைத்தாள். உட்காரவைத்துப் பதமாகச் சொல்ல வேண்டும்.

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து கறுப்புக் கோட்டை எடுத்தாள். ஒடுவோல் அதை இரண்டே தரம்தான் போட்டார்: கல்யாணத்துக்கு ஒரு நாள், அவினோவின் ஞானஸ்நானத்துக்கு ஒரு நாள். மற்றபடி கோயில் பக்கம் வராமலிருக்க ஆயிரம் நொண்டிச் சாக்கு. "உன் மோட்சத்துல ஏரி உண்டா? இல்லேன்னா நான் வரல" என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

காயை அவளே ஆறடிப் பெட்டியில் கிடத்தினாள். சொரசொரவென்று, சாம்பல் படிந்த மாதிரி இருந்தது. கோட்டைச் சுற்றிப் பொத்தான் போட்டாள். கோட்டின் கைகள் இரண்டும் வெறுமனே கிடந்தன. அவற்றையும் இழுத்து நேராக்கினாள். மாமரத்தடியிலிருந்து ஓபியெரோ கிழவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தான். அவர் குனிந்து தடவிப் பார்த்தார். விரல் காலரில் நின்றது.

"ம்" என்றார்.

உச்சி சாய்வதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதவில்லை. சங்கத்துப் பெண்கள் வெள்ளை உடையும் நீலத் தலைத்துணியுமாக வந்து தரையில் அமர்ந்தார்கள். பாடத் தொடங்கிய குரல்களில் பாதி கம்மிப்போயிருந்தன. அந்த வாரத்தில் அது நாலாவது அடக்கம். காய்ச்சல், பிரசவம், ஒரு லாரி விபத்து, இது.

போதகர் கிளியோப்பாவும் வந்தார். அங்கி இல்லை. சாதாரணச் சட்டை, தூசி படிந்த செருப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"வந்தீங்களே ஐயா" என்றாள் தமாரிஸ்.

"அங்கி சபையோடது சகோதரி, அதை எடுத்துட்டு வர முடியாது. நாற்காலி உங்களோடது. நாற்காலிக்கு வந்தேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. ரொம்ப அசதியா இருக்கு."

"எல்லாருக்கும்தான் ஐயா."

பாட்டு முடிந்தது. இப்போது யாராவது பேச வேண்டும். எல்லா வீட்டிலும் இந்த இடத்தில் எழுந்து நின்று பேசுகிறவள் தமாரிஸ்தான். இன்று அவள் வீடே ஆனதால் யார் எழுவதென்று தெரியாமல் சங்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போதகர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓபியெரோ இருமினான்.

தமாரிஸ் எழுந்தாள்.

"நானே பேசறேன்" என்றாள். "வேற யாருக்கும் இது தெரியாது."

பெட்டி பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எல்லாரும் அசந்து போய் வந்திருக்கீங்க. சுருக்கமாச் சொல்லிடறேன். உள்ள இருக்கிறது காய்தான். எனக்குத் தெரியும், ஐயாவுக்கும் தெரியும், மேல இருக்கிறவருக்கும் தெரியும். அவரை ஏமாத்தறதுக்காக இதைப் புதைக்கல. நான் என்னை ஏமாத்திக்கிட்டு இருந்தேன், அதை நிறுத்தறதுக்காகப் புதைக்கிறேன்."

ஒரு குழந்தை அழுதது. தாய் அதற்கு மார்பைக் கொடுத்தாள்.

"உங்க எல்லார் வீட்டுக்கும் வந்து எழுந்திருப்பாங்கன்னு சொன்னேன். என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லல. ஏன் சொல்லலைன்னு காலையில எம்பொண்ணு கேட்டா. அவ கேட்டது சரி. வருவார், வருவார்னு வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அது விசுவாசம்னு நினைச்சேன். அது விசுவாசம் இல்லை, பயம்." பெட்டி மூடியில் கை வைத்தாள். "எம் புருஷன் செத்துட்டார். குளிர்ல, ஏரியில, ஒரு நல்லவன் தோள்ல தலை சாஞ்சு செத்துட்டார். இன்னிக்குத்தான் இதை வாயால சொல்றேன். செத்தவங்கதானே எழுந்திருக்க முடியும்? நான்தான் பதினாலு மாசமா அவரைச் சாகவே விடலையே. அப்புறம் எப்படி எழுந்திருப்பார்?"

யாரும் ஆமென் சொல்லவில்லை. கடைசி வரிசையில் போதகர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டி இறங்கியது. தமாரிஸ் ஒரு கை மண் எடுத்துப் போட்டாள். அது பலகையில் சத்தத்தோடு விழுந்தது. அடுத்து பிள்ளை போட வேண்டும்.

"அவினோ!" என்று கூப்பிட்டான் ஓபியெரோ. "அவினோ எங்க?"

"உச்சிப் படகுல போனாளே" என்றாள் சங்கத்துப் பெண் ஒருத்தி. "கரையில பார்த்தேன். அம்மாதான் அனுப்பினாங்கன்னு சொன்னா. இல்லையா?"

தமாரிஸ் இடுப்பு மடிப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். மண் கையால் தடவியதில் திரை மங்கியது. செய்தி வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. 'அம்மா, நான் அக்கரைக்குப் போறேன். அப்பாவைக் கூட்டிட்டுத்தான் வருவேன். நான் வர்ற வரைக்கும் மண்ணைப் போட்டுடாதே.'

அவள் குழியைப் பார்த்தாள். தான் போட்ட மண் பெட்டி மூடியில் ஒரு கைப்பிடியாகக் கிடந்தது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கும் அந்தப் படகில் இருக்க வேண்டும் போலிருந்தது. ஒருவேளை. எதற்கும் ஒருவேளை. அது வந்ததைப் போலவே போகவும் செய்தது. ஆனால் அது இனியும் வந்துகொண்டுதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நிறுத்தவா அண்ணி? பொண்ணு வரட்டுமா?" ஓபியெரோ கையைப் பிசைந்தான்.

"வேண்டாம். மூடுங்க."

தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலி வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் ஒரு சலசலப்பு எழுந்தது. புதிதாக விதவையானவள் நாலு நாள் கழியாமல் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போகிற இடத்துக்கெல்லாம் சாவையும் கூட்டிக்கொண்டு போவாள் என்பார்கள்.

"அண்ணி! இன்னிக்கு வெளிய போகக் கூடாது!"

"யாருடா அது? யார் போறது?" கிழவர் குரலை வைத்துத் திசை தேடினார்.

தமாரிஸ் நின்று திரும்பினாள்.

"நான்தான் மாமா. நாலு மணிக்கு ஒரு படகு இருக்கு. அங்க போய் யாரோ ஒரு ஆள் கட்டில் பக்கத்துல நின்னு, இவர் இல்லைன்னு அவ தெரிஞ்சுக்கப் போறா. எனக்கு அது தெரியும், நான் நின்னிருக்கேன். அப்ப பக்கத்துல யாராவது இருக்கணும்."

"இங்க அடக்கம் நடக்குதேம்மா."

"அவ அப்பாவை அவளும் அடக்கம் பண்ணணும் மாமா. அவளுக்குப் பதிலா அதை நான் பண்ண முடியாது."

சங்கத்துப் பெண்கள் நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்கள். போதகரும் ஒதுங்கி நின்றார்.

மண்வெட்டி ஒன்று கீழே விழுந்தது. ஒகுத்து கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான். அன்று கரையேறியதிலிருந்து அவன் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. மீன் வேலையே வேண்டாமென்று செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"அவகிட்ட நான்தான் சொல்லணும் அண்ணி" என்றான். முகம் வெளிறிப்போயிருந்தது.

தமாரிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வா" என்றாள். "படகுல என் கையைப் பிடிச்சுக்க."